பகல்ல ஓடும், இருட்டினா நின்னுடும்

“அக்கா, மெஷின் நின்னுடுச்சுக்கா. நைனா மறுபடியும் ஆரம்பிச்சிட்டாரு. நீங்க வந்தாதான் ஆச்சு.”

கோரமண்டல்லேருந்து கஸ்தூரி இப்படி போன் பண்ணும்போதெல்லாம் நான் கையில இருக்கிற வேலையை அப்படியே போட்டுடுவேன். ரூம் காத்துல ஈரம் ஏத்தற ஒரு ஹியூமிடிஃபையர் நின்னதுக்கு இன்னா இவ்ளோ பதட்டம்னு நீங்க கேக்கலாம். மிக்ஸி நின்னா அன்னிக்கு சட்னி கிடையாது, அவ்ளோதான். இங்க அப்படி இல்ல. அந்த மெஷின் நின்னா தன்னோட அப்பா செத்துடுவாருன்னு அந்தப் பொண்ணு நம்பிக்கினு இருந்தா. நம்பிக்கைன்னுகூடச் சொல்ல முடியாது. தினமும் கண்ணால பார்த்துக்கினு இருந்தா.

என்னைப் பத்திச் சொல்லிடறேன். பேரு தேவி. எங்க தங்கச் சுரங்க ஊர்ல, ராபர்ட்சன்பேட்டையில ஒரு ஹோம் அப்ளையன்ஸ் சர்வீஸ் கடையில மெக்கானிக். கிரைண்டர், கீஸர், ஆர்.ஓ. எல்லாத்துலயும் கை வெச்சாச்சு, தலையும் நரைச்சாச்சு. எனக்குப் பயம் ஜாஸ்தி. மெயினை ஆஃப் பண்ணுவேன், டெஸ்டர் வெச்சுப் பார்ப்பேன், மறுபடியும் எழுந்து போய் மெயினைப் பார்த்துட்டு வந்துதான் ஸ்க்ரூவைத் தொடுவேன். கடையில ‘டபுள் செக் தேவி’ன்னு கிண்டல் பண்ணுவாங்க. பண்ணிட்டுப் போகட்டும். இத்தனை வருஷத்துல பெருசா ஒரு ஷாக் வாங்கினதில்ல.

இப்ப சர்வீஸ் லைனுக்கு வர்ற பிள்ளைங்க கம்ப்ளைண்ட் வந்தா மெஷினைப் பார்க்குது, மெஷினை மட்டும் பார்க்குது. நானும் அப்படித்தான் பார்த்தேன். அதனால இதை எழுதறேன்.

முதல் விசிட்: வெள்ளைப் படிவம்

கஸ்தூரியோட அப்பா ஏழுமலை, மைன்ஸ்ல டிம்பர்மேனா இருந்தவரு. சுரங்கத்துக்கு அடியில மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. அந்தத் தூசி நெஞ்சுல தங்கிப்போச்சு. ராத்திரியானா வறட்டு இருமல். பொண்டாட்டி இல்ல. கஸ்தூரி பெங்களூருக்கு ட்ரெயின்ல போய் வேலை பார்த்துக்கினு இருந்தவ, அப்பாவுக்காக வேலையை விட்டுட்டு வீட்டோட இருந்தா. அவளுக்கு ஒரு தம்பி, பெங்களூர்ல. ‘காத்துல ஈரம் இருந்தா இருமல் கொஞ்சம் அடங்கும்’னு டாக்டர் சொன்னாருன்னு அவன்தான் ஆன்லைன்ல ஹியூமிடிஃபையர் வாங்கி அனுப்பினான்.

வீட்டையும் அவன்தான் சரி பண்ணிக் கொடுத்திருந்தான். மைன்ஸ் ஆளுங்களுக்கு வரிசையாக் கட்டின பழைய லைன் வீடு அது. எதிர்ல சைனைட் டம்ப். தங்கம் அரைச்சு எடுத்த மண்ணை மலை மாதிரி கொட்டி வெச்சிருக்கிற மேடு. தை மாசத்துல காத்து எழும்பினா அந்த வெள்ளைத் தூசி சோத்துத் தட்டு வரைக்கும் வரும். அதுக்காக ஓட்டுக்குக் கீழ ஃபால்ஸ் சீலிங் அடிச்சு, ஜன்னலுக்கெல்லாம் ஸ்லைடிங் கண்ணாடி போட்டு, ஒரு பொட்டுத் தூசி நுழையாத மாதிரி பண்ணியிருந்தான். நல்ல பிள்ளை. அவனைக் குத்தம் சொல்ல ஒண்ணுமே இல்ல.

நான் முதல் தடவ போனது பகல்ல. மெஷின் ஆன் பண்ணின கொஞ்ச நேரத்துல நின்னுடுது. சிம்பிள் மெஷின்தான். டேங்க்ல தண்ணி ஊத்தினா, அடியில இருக்கிற சின்ன டிஸ்க் அதிர்ந்து, தண்ணியைப் பனி மாதிரி மேல அனுப்பும். அது தானா நிக்கிறதுக்கு ரெண்டே காரணம். ஒண்ணு, தண்ணி தீர்ந்துச்சுன்னு ஃப்ளோட் சொல்லும். இன்னொண்ணு, ரூம்ல ஈரம் போதும்னு சென்சர் சொல்லும்.

கழட்டிப் பார்த்தா எல்லாம் சுண்ணாம்பு. நம்ம ஊர் போர் தண்ணியை ஊத்தியிருக்காங்க. டிஸ்க்ல வெள்ளைப் படிவம், ஃப்ளோட் அசையாம ஒட்டிக்கினு கீது. டேங்க் நிறைய தண்ணி இருக்கும்போதே தண்ணி இல்லன்னு மெஷின் நினைச்சுக்குது.

கட்டில்ல சாஞ்சிருந்த பெரியவரு வேடிக்கை பார்த்துக்கினு இருந்தாரு. “இன்னாம்மா டாக்டரு, அதுக்கும் சளியா?”

“சளி இல்ல பெரிப்பா, உப்பு. பி.பி. ஏறிப்போச்சு.”

“அப்ப எனக்கு ஜோடிதான்”ன்னு சிரிச்சாரு. சிரிச்சதுல இருமல் வந்துடுச்சு. கஸ்தூரி ஓடி வந்து நெஞ்சைத் தடவிக் கொடுத்தா.

மெஷினைக் கடைக்கு எடுத்துக்கினு போய் வினிகர்ல ஊறவெச்சு, சுத்தம் பண்ணி, நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்தேன். நிக்கல. கொண்டு போய்க் கொடுத்தேன். “இனிமே ஃபில்டர் தண்ணி ஊத்து”ன்னேன். வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

ரெண்டாவது விசிட்: ஆள் கீழ எறங்கறது

கொஞ்ச நாள்லயே திரும்ப போன். போனேன். அன்னிக்கும் பகல்தான். கதவு திறந்து கீது, மெஷின் ஜம்முனு ஓடுது.

“நல்லாத்தானே ஓடுது?”

“பகல்ல ஓடும்க்கா. விளக்கு வெச்சதுக்கு அப்புறம் நின்னுடுது. டேங்க் நிறைய தண்ணி இருக்கும். இருந்தும் நின்னுடுது.” கஸ்தூரி என்னைச் சமையல்கட்டுக்கு இட்டுக்கினு போய்க் குரலை எறக்கினா. “அது நின்னா கொஞ்ச நேரத்துல நைனா பினாத்த ஆரம்பிச்சிடறாரு.”

“இன்னா சொல்றாரு?”

“லெவல்ல கீறேன்றாரு. கேஸ் அடிச்சிருக்கு, மணி அடி, கேஜை எறக்கச் சொல்லு, எல்லாரையும் ஏத்துன்னு. நான் வீட்லதான் கீறோம் நைனான்னு சொன்னா என்னை முறைக்கிறாரு. பயந்துபோய்க் கதவைத் திறந்துக்கினு பக்கத்து வீட்டுக்கு ஓடறேன். காலையில எழுந்தா ஒண்ணும் ஞாபகம் இல்ல.” அவ கண்ணு கலங்கிடுச்சு. “பக்கத்து வீட்டுப் பெரிம்மா சொல்றாங்க, கடைசி காலத்துல ஒரு தடவ கீழ எறங்கிட்டுத்தான் போவாங்களாம். அவுங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் போனாராம். நிஜமாக்கா?”

வெளியூர்க்காரங்களுக்கு இது புரியாது. லெவல்னா சுரங்கத்துக்குள்ள ஆளுங்க வேலை செய்யற தளம். கேஜ்னா அவங்களை ஏத்தி எறக்கற கூண்டு. நம்ம ஊர்ல வயசான பென்ஷன்காரங்க சாகக் கெடக்கும்போது இந்தப் பேச்சு பேசறது சகஜம். என் மாமனாரு கடைசி வாரத்துல ஷிஃப்ட்டுக்கு லேட்டாவுது, தொப்பி விளக்கு எங்கன்னு கேட்டுக்கினே இருந்தாரு. அவங்க அப்படிப் பேசினா வீட்ல இருக்கிறவங்க புரிஞ்சுப்பாங்க. சொந்தக்காரங்களுக்குச் சொல்லி அனுப்புவாங்க. ஊர் முழுக்கத் தெரிஞ்ச விஷயம் இது. அதனால அவரு இன்னாதான் சொல்றாருன்னு யாரும் காது கொடுத்துக் கேக்கல. நானும்தான்.

எனக்கு என் மாமனாரு ஞாபகம்தான் வந்துச்சு. ஆனா அவகிட்ட “அதெல்லாம் ஒண்ணும் இல்ல கஸ்தூரி, வயசு ஆயிடுச்சு, தூக்கக் கலக்கம்”னு சொல்லிட்டேன். வேற இன்னா சொல்றது? அவ முகமும் நல்லா இல்ல, வெளுத்துப்போய் இருந்தா. கேட்டா தினமும் காலையில தலைவலி, தூக்கமில்லன்னா. பாவம், அப்பாவைப் பார்த்துக்கினே இவளும் விழுந்துடுவா போலிருக்கேன்னு நினைச்சேன்.

மெஷின் சுவரை ஒட்டி இருந்துச்சு. வர்ற பனி திரும்பி அது மேலயே விழுந்தா, ரூம் ஈரமாயிடுச்சுன்னு சென்சர் ஏமாறும். அதனால ஒரு ஸ்டூல் போட்டு நடுவுல தள்ளி வெச்சேன். அதுதான் கோளாறுன்னு எனக்கு நானே சொல்லிக்கினு வந்துட்டேன்.

மறுநாளே போன். கடையில மொதலாளி காதுல விழுந்துடுச்சு. அவரு கன்னடக்காரரு, தமிழ் நல்லாப் பேசுவாரு, கோவம் வந்தா மட்டும் ரெண்டும் கலந்துடும்.

“இன்னா தேவி, ஒந்து ஹியூமிடிஃபையருக்கு இத்தினி விசிட்டா? சென்சரை டைரக்ட் பண்ணிட்டு வா. ஆயித்து, முடிஞ்சுது.” போனை வாங்கி கஸ்தூரிகிட்டயும் அதையே சொல்லிட்டாரு.

டைரக்ட்னா எங்க லைன்ல எல்லாருக்கும் தெரியும். எது மெஷினை நிறுத்துதோ, அதைத் தூக்கிட்டு நேராச் சேர்த்துடறது. இந்த மெஷின்ல சென்சர் இருக்கிற எடத்துல ஒரு ரெசிஸ்டரை சால்டர் பண்ணிட்டா போதும். ரூம் எப்பவும் காய்ஞ்சே கெடக்குன்னு மெஷின் நம்பிக்கும். தண்ணி தீர்ற வரைக்கும் நிக்காது. கஸ்டமருக்கு சந்தோஷம், கடைக்கும் தலைவலி விட்டுச்சு.

ரெசிஸ்டரும் சால்டரிங் அயர்னும் பையில போட்டுக்கினு பஸ் ஏறினேன்.

மூணாவது விசிட்

அன்னிக்கு வேணும்னே சாயங்காலமாப் போனேன். டைரக்ட் பண்றதுக்கு முன்னாடி அது எப்படி நிக்குதுன்னு ஒரு தடவ கண்ணால பார்த்துடலாம்னுதான். டபுள் செக் புத்தி விடுமா?

“கஸ்தூரி, நான் வந்திருக்கேன்னு நினைக்காத. தினமும் இன்னா பண்ணுவியோ அதையே பண்ணு. நான் ஒரு ஓரமா ஒக்காந்து பார்க்கறேன்.”

அவ வேலையை ஆரம்பிச்சா. ஸ்லைடிங் ஜன்னலை இழுத்துச் சாத்தினா. டம்ப் தூசி வரக்கூடாதுன்னு கோணிப்பையை நனைச்சு ஜன்னல் அடியில சொருகினா. ஈரப் போர்வையைச் சுருட்டி கதவுக்கு அடியில அடைச்சா. அதுக்கு முன்னாடியே பின்கட்டுல கரி அடுப்பை மூட்டி, புகையெல்லாம் போய் கரி செவக்கச் செவக்க ஆனதும், உள்ள தூக்கிக்கினு வந்து கட்டில் கால்மாட்டுல வெச்சிருந்தா. அது மேல ஒரு குண்டான் தண்ணி, அதுல நீலகிரி எலை.

“ஹீட்டர் போட்டா காத்து காய்ஞ்சு நைனாவுக்கு இருமல் ஜாஸ்தியாவுதுக்கா. மெஷின் உங்க கடையில இருந்தப்போ ஆவிக்காவ இப்படி வெச்சேன். அதுலேருந்து தினமும் வெக்கிறேன். மெஷினை நம்பறதுக்கு இல்லையே.”

எனக்கு ஒண்ணும் தப்பாத் தெரியல. சத்தியமாச் சொல்றேன். பனிக் காலத்துல கரி அடுப்பை வீட்டுக்குள்ள வெச்சுக்காதவங்க எங்க ஊர்ல யாரு? எங்க வீட்லயும்தான் வெப்போம். புகை இருந்தாதான் கெடுதல், செவந்த கரி ஒண்ணும் பண்ணாதுன்னுதான் எல்லாரும் நினைச்சுக்கினு இருந்தோம்.

நான் கீழ சுவர்ல சாஞ்சு ஒக்காந்தேன். கஸ்தூரி இந்தப் பக்கம் ஒக்காந்து முருங்கைக்கீரை ஆய்ஞ்சா. பெரியவரு கண்ணை மூடிக்கினு இருந்தாரு. கதகதன்னு நல்லாத்தான் இருந்துச்சு. மெஷின் டிஸ்ப்ளேல ஈரம் ஏறிக்கினே வந்தது. அறுபதுல செட் பண்ணியிருந்தாங்க. அறுபது தாண்டினதும் டிக்னு ஒரு சத்தம், நின்னுடுச்சு. கஸ்தூரி கையில இருந்த கீரை அப்படியே நின்னுது. அவ என்னைப் பார்த்த பார்வை இருக்கே, அதை என்னால மறக்க முடியல.

என் பையில இருந்த, ஈரம் பார்க்கிற மீட்டரை எடுத்து வெச்சேன். அதுவும் அதே நம்பரைத்தான் காட்டிச்சு. அப்ப சென்சர் பொய் சொல்லல. ரூம்ல நிஜமாவே ஈரம் போதும். ஈரக் கோணி, ஈரப் போர்வை, குண்டான் ஆவி, இத்தனையும் அடைச்சு வெச்ச ரூம்ல மெஷின் இன்னா பண்ணும்? ஒழுங்கா நிக்குது.

அதைச் சொன்னேன். அவ கேக்கல.

“இல்லக்கா, அது ஓடற வரைக்கும் நைனா நல்லா கீறாரு. நின்னாதான் இப்படி ஆவுது. டைரக்ட் பண்ணிடுங்கக்கா, உங்க மொதலாளியே போன்ல சொன்னாரே. உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன்.”

ஒரு பொண்ணு அப்படிக் கேட்டா இன்னா செய்வீங்க? ஈரம் கொஞ்சம் ஜாஸ்தியானா யாருக்கு நஷ்டம்னு சால்டரிங் அயர்னை பிளக்ல மாட்டினேன். மெஷின் அடிமூடியைக் கழட்டினேன்.

தலை வலிக்க ஆரம்பிச்சுது. நெத்திப்பொட்டு ரெண்டுலயும் யாரோ அடிக்கிற மாதிரி. எனக்குப் பயம் வந்தா முதல்ல தலைதான் வலிக்கும். அதனால பயம்னுதான் நினைச்சேன். சும்மா இருடி, ஒரு சின்ன சால்டரிங்குக்குப் போய்னு என்னையே திட்டிக்கினேன். கை நடுங்குது. அயர்ன் முனை எடத்துல போய் நிக்க மாட்டேங்குது. என் கை அப்படி என்னிக்கும் நடுங்கினதில்ல.

பெரியவரு எழுந்து ஒக்காந்தாரு.

“கேஸ் அடிச்சிருக்கு. யாருடா அங்க? மணி அடி. ஏறுங்க எல்லாரும்.”

கஸ்தூரி எழுந்துக்கல. ஒக்காந்த எடத்துலேருந்தே, “ஒண்ணும் இல்ல நைனா, வீட்லதான் கீறோம், படு”ன்னா. அவ குரல் குடிச்சவ குரல் மாதிரி இழுத்துச்சு.

அவரு அவளை விட்டுட்டு என்னைப் பார்த்தாரு. நேரா, தெளிவா.

“இன்னாம்மா. தலை கனக்குதா? முட்டி விட்டுப்போச்சா?”

அயர்னைக் கீழ வெச்சேன். “பெரிப்பா, கேஸ் அடிச்சா எப்படி இருக்கும்?”

“வாசனை வராது. தல கனக்கும். முட்டி போவும். தூக்கம் தூக்கமா வரும். தூங்கினவன் ஏற மாட்டான்.”

கஸ்தூரி பக்கம் திரும்பினேன். மடியில கீரையோட, சுவர்ல சாஞ்சு, கண்ணை மூடிட்டா. “கஸ்தூரி!”ன்னு கத்தினேன். ‘ம்’ன்னா. கண்ணைத் திறக்கல.

எழுந்தேன். முட்டி மடங்கி அப்படியே விழுந்தேன். அய்யோ, அந்த நிமிஷம். கதவு தெரியுது, கால் வர மாட்டேங்குது. தவழ்ந்துதான் போனேன். கதவு உள்பக்கமாத் திறக்கற கதவு, ஈரப் போர்வை அடியில ஆப்பு மாதிரி இறுகிக்கினு கீது. ரெண்டு கையாலயும் புடுங்கினேன். வந்துது. கதவு திறந்ததும் தை மாசத்துக் காத்து முகத்துல அடிச்சுது, டம்ப் தூசியோட. வாயைத் திறந்து அந்தத் தூசிக் காத்தை அப்படியே முழுங்கினேன். அப்புறம் தெருவுக்குக் கேக்கற மாதிரி கத்தினேன்.

இன்னொரு பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரும் அவரு சம்சாரமும் ஓடி வந்தாங்க. அந்தம்மா அடுப்பைக் கைப்புடித் துணியோட வெளிய இழுத்துப் போட்டாங்க. அவரு கஸ்தூரியைத் தூக்கினாரு. பெரியவரைக் கட்டிலோட வாசலுக்குக் கொண்டு வந்தாங்க. நான் சாக்கடை ஓரம் ஒக்காந்து வாந்தி எடுத்துக்கினு இருந்தேன். ஆட்டோவுல ஏறும்போதும் பெரியவரு தலையை எண்ணிக்கினே இருந்தாரு, எல்லாரும் ஏறிட்டாங்களான்னு.

ஆஸ்பத்திரியில

ராபர்ட்சன்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போனதும் மூணு பேருக்கும் ஆக்ஸிஜன் வெச்சாங்க. டியூட்டி டாக்டரு சின்னப் பொண்ணு. கரியிலேருந்து வர்ற விஷக் காத்து, புகையும் தெரியாது வாசனையும் தெரியாது, அடைச்ச ரூம்ல சேர்ந்துக்கினே போகும்னு சொல்லிட்டு, “இதுக்கு முன்னாடியும் உள்ள வெச்சீங்களா?”ன்னு கேட்டாங்க.

“தினமும்”னா கஸ்தூரி. சொல்லிட்டு அவளுக்கே புரிஞ்சுபோச்சு. பகல்ல கதவு திறந்திருக்கும்போது அப்பா நல்லா இருந்தாரு, மெஷினும் ஓடிச்சு. இருட்டினதும் கதவைச் சாத்தி அடுப்பை வெச்சா மெஷினும் நின்னுது, அப்பாவும் பினாத்தினாரு. அவ பார்த்தது சரிதான். ரெண்டும் சேர்ந்துதான் நடந்துச்சு. ஆனா ஒண்ணால இன்னொண்ணு நடக்கல. அப்பாவைக் காப்பாத்தறேன்னு இன்னும் இறுக்கி இறுக்கி அடைச்சது அவதான். பழைய ஓட்டு வீடா இருந்தா ஓட்டு சந்து வழியா அந்தக் காத்து போயிருக்கும். ஃபால்ஸ் சீலிங் போட்டதுக்கு அப்புறம் அதுக்குப் போக வழியே இல்ல.

மறுநாள் காலையில பெரியவரு மாஸ்க்கைக் கழட்டிட்டு டீ கேட்டாரு. கஸ்தூரி அவரு கையைப் புடிச்சுக்கினு அழுதா.

“நைனா, எனக்குப் புரியற மாதிரி சொல்லியிருக்கக் கூடாதா?”

அவரு யோசிச்சாரு. கோவமே இல்ல அந்த மொகத்துல.

“சொன்னேனே கஸ்தூரி. நீதான் வீட்ல கீறோம்னே. எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு போலன்னு படுத்துக்கினேன்.”

நான் வராண்டாவுக்கு வந்துட்டேன். அங்க நிக்க என்னால முடியல.

இப்ப அவரு இருக்காரு. இருமல் இருக்கு, கிண்டலும் இருக்கு. அடுப்பு வாசலோட நின்னுடுச்சு. ஜன்னல் ஒரு கை அகலம் திறந்தே இருக்கும். தூசி வருது, துடைச்சுக்கறாங்க. ஹியூமிடிஃபையரை நான் ஒண்ணும் பண்ணல, அதே சென்சர்தான். ஓடுது, நிக்க வேண்டிய நேரத்துல நிக்குது.

பிள்ளைங்களா, மெஷினைத் தானா நிறுத்தற கட்-ஆஃபை டைரக்ட் பண்ணாதீங்க. எந்த மொதலாளி சொன்னாலும் பண்ணாதீங்க. மெஷின் நின்னா எதுக்கு நின்னுதுன்னு கேளுங்க. வீட்ல ஒருத்தர் பினாத்தறாருன்னு சொன்னா, இன்னா பினாத்தறாருன்னு அவரையே கேளுங்க.

எனக்கு இன்னமும் சில நாள் தூக்கம் வர்றதில்ல. அன்னிக்கு மட்டும் என் கை நடுங்காம இருந்திருந்தா அது ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை. ரெசிஸ்டரை வெச்சு, மூடியை மாட்டிட்டு, பஸ்ஸைப் புடிச்சிருப்பேன். மெஷின் விடிய விடிய நிக்காம ஓடியிருக்கும். கஸ்தூரி நிம்மதியாக் கதவைச் சாத்திக்கினு படுத்திருப்பா. ‘பார்த்தியா தேவி, அதுக்கப்புறம் அந்த வீட்லேருந்து கம்ப்ளைண்டே வரல’ன்னு மொதலாளி என்னைப் பாராட்டியிருப்பாரு.